திரும்பிப் பார்க்காத வீடு

அத்தியாயம் ஏழு

போன வாரம் சிட்டுவைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். மனதுக்குள் ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதை யாரிடம் முதலில் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் ஓடிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் எதிரில் ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது அதற்குத்தான் பஞ்சம்.

முடிவு ஒரே வரிதான். இன்று மாலை ஆலோசகரிடம் போய், "எனக்கு இந்தப் பயிற்சி போதும் மேடம். இனிமே வரலை" என்று சொல்லிவிடுவது.

காலையில் கண்ணாடி முன் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். 'போதும்' என்ற இடம் வந்தபோது தொண்டைக்குள் அந்தக் குறுகுறுப்பு ஓர் ஈ போல வந்து உட்கார்ந்தது.

"க்கீச்."

கூடவே தலை வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. கண்ணாடிக்குள் இருந்தவளுக்கும் அதே வெட்டு. இவள் ஒருத்தியாவது தவறாமல் பதில் சொல்கிறாள் என்று சிட்டு நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பதினாறு வயது. சின்ன வயதில் கண் சிமிட்டலாக வந்தது, பிறகு கழுத்துக்கு இறங்கி, ஒருநாள் தொண்டையில் குடியேறிவிட்டது. வேண்டுமென்று செய்வதில்லை. வேண்டாம் என்று பல்லைக் கடித்தால் வட்டியும் முதலுமாக வரும். டாக்டர் அதற்கு 'டிக்' என்று பெயர் சொன்னார். அதற்கு முன்பே அப்பா வேறொரு பெயர் வைத்திருந்தார். ஜன்னலில் குருவி வந்திருக்கிறது என்று நினைத்துத் திரும்பியவர், அங்கே மகள் நிற்பதைப் பார்த்து, "அட, நீதானா சிட்டு!" என்றார். அன்றிலிருந்து அவள் சிட்டு.

பெயரோடு ஒரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. அவள் 'க்கீச்' என்றால், அப்பா எந்த அறையில் இருந்தாலும், கையில் இருக்கும் பொருளால் பக்கத்தில் இருப்பதை இரண்டு முறை தட்டுவார். டொக், டொக். திருப்புளியால் ஜன்னல் கம்பியில். கரண்டியால் பாத்திரத்தில். முகம் மழிக்கும்போது ரேசரால் வாஷ்பேசினில். இங்கேதான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய், சரி. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கி எழுந்து வளர்ந்தாள்.

மூன்று வாரமாக அந்த டொக் டொக் இல்லை.

அதை நிறுத்தியது அம்மா. அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அவள் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகள் ஓடும் பெல்ட்டின் முன் நிற்பவள். ஓர் அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட வேண்டும். போனால் போகிறது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஆலோசகர் அவளிடம், "டிக் வரும்போது வீட்டுல யாரும் அதைக் கண்டுக்காதீங்க. திட்டவும் வேணாம், பாவம்னு தடவிக் கொடுக்கவும் வேணாம்" என்று சொல்லியனுப்பினார். அம்மா வீட்டுக்குள் நுழைந்து, தோளில் மாட்டிய கைப்பையைக்கூடக் கழற்றாமல் அறிவித்தாள்.

"இனிமே அவளுக்குச் சத்தம் வந்தா யாரும் திரும்பக் கூடாது. தட்டக் கூடாது. சிட்டு கிட்டுன்னு கூப்பிடறதும் கிடையாது. அது சத்தத்துக்கு வச்ச பேரு."

"மூச்சு விடலாமா?" என்றான் அண்ணன்.

"விடு. அதையும் அவ பக்கம் திரும்பி விடாதே."

அப்போது எல்லோரும் சிரித்தார்கள். சிட்டுகூடச் சிரித்தாள். ஆனால் அவளுக்கு ஒலி நிமிஷத்துக்கு நிமிஷம் வரும். வரும்போதெல்லாம் பார்க்கக் கூடாது என்றால், பார்ப்பதற்கு என்று தனியாக நேரம் எங்கிருந்து வரும்? மெல்ல மெல்ல, யாரும் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது.

அண்ணன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அம்மா அவளைச் சான்றிதழில் இருக்கும் முழுப் பெயரால் கூப்பிட ஆரம்பித்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சிட்டு சில சமயம் பேசாமல் இருந்துவிடுவாள். அப்பா காலையில் சீக்கிரம் போய், இரவில் எல்லோரும் படுத்த பிறகு வந்தார். கடலுக்கு அடியில் நடப்பவர்களுக்குத் தலையில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்திருப்பார்களே, அப்படி ஒன்றுக்குள் தான் மட்டும் இருப்பது போல அவளுக்குத் தோன்றும். வெளியே எல்லோரும் நடமாடினார்கள். வாய் அசைந்தது. கிட்டே யாரும் வரவில்லை.

இன்று காலை அப்பா அதிசயமாகக் கொஞ்சம் நேரம் கழித்துக் கிளம்பினார். லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். வாசலருகே குனிந்து, கருவிப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"ம்."

"இன்னிக்கு சாயங்காலம் நீங்களும் வரணும்னு மேடம் சொல்லியிருக்..."

வாக்கியம் முடியவில்லை. ஈ உட்கார்ந்துவிட்டது. "க்கீச்."

அப்பாவின் தலை பாதி திரும்பி, பாதியிலேயே நின்றது. மெதுவாக ஃப்ரிட்ஜின் பக்கம் போயிற்று. வலது கை அவசரமாகப் பேன்ட் பாக்கெட்டுக்குள் நுழைந்தது.

"பார்க்கலாம்மா. வேலை இருக்கு" என்று அப்பா ஃப்ரிட்ஜிடம் சொன்னார்.

ஃப்ரிட்ஜ் சற்று உறுமிவிட்டு அடங்கியது. அப்பா போய்விட்டார்.

இந்தப் பயிற்சி இடத்தைக் கண்டுபிடித்ததே அப்பாதான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவருடைய கம்பெனியின் பொறுப்பில் இருந்தது. நாலாவது மாடியில் கதவுக்கு எண்ணெய் போடும்போது எதிரே இருந்த பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, அன்று மாலை, "உனக்குன்னே ஒரு இடம் இருக்கு சிட்டு!" என்று மூச்சிரைக்க ஓடிவந்தார். அவ்வளவு ஆசையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், சேர்த்த பிறகு முகம் கொடுக்காமல் இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? சிட்டுவுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் கிடைத்தது. இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று தெரிந்ததும் கைகழுவிவிட்டார்.

*

பள்ளி விட்டதும் நேராக அந்தக் கட்டடத்துக்கு நடந்தாள்.

பயிற்சி ஒன்றும் மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒலி வருவதற்கு முன்பே ஈ உட்காருவதைக் கண்டுகொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். தும்மலுக்கு முன் மூக்கில் ஒரு குறுகுறுப்பு இருக்குமே, அது போல ஒன்று. அது வந்ததும் பல்லைக் கடித்து அடக்கக் கூடாது. அதன் இடத்தில் வேறொன்றைச் செய்ய வேண்டும். உதட்டை லேசாக மூடி, மூக்கால் மெதுவாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். மோவாயைக் கொஞ்சம் தாழ்த்திக் கழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஈ சலித்துப்போய்ப் பறக்கும் வரை. சில சமயம் பறக்கும். சில சமயம் பறக்காது. முழுக்கப் போய்விடும் என்று ஆலோசகர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் குறைந்துகொண்டுதான் வந்தது. குறையக் குறைய வீடு இன்னும் அமைதியாகிக்கொண்டு வந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு முன்னால் மஞ்சள் பலகை நின்றது. 'பழுது பார்க்கப்படுகிறது.' அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவள் எப்போதும் படிக்கட்டுதான். லிஃப்டுக்குள் எல்லோரும் வாயை மூடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அமைதிக்குள் அவளுடைய ஒலி வந்தால் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

ஒரு படி ஏறியவள் நின்றாள். பலகைக்குப் பின்னால் ஒரு பை கிடந்தது. சாம்பல் நிறப் பை. அறுந்த வாரை அம்மா நீல நூலால் தைத்த பை.

வேலை இருக்கு என்றாரே. இங்கேயா?

இதே கட்டடத்தில், தலைக்கு மேலே மகள் வருவாள் என்று தெரிந்துகொண்டே வேலை பார்க்கிறார். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிட்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பள்ளிப் பை கனத்தது.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்துகிடந்தது. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் இருட்டுக் குழி. எங்கோ கீழே ஒரு பல்பு தொங்கியது, கிணற்றில் விழுந்த நிலவு மாதிரி. கிரீஸ் வாடை வந்தது. அது அப்பாவின் சட்டை வாடை.

அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈ வந்தது. வருவது நன்றாகத் தெரிந்தது. உதட்டை மூட வேண்டும், மூச்சை இழுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

இன்றைக்கு அவள் எதுவும் செய்யாமல் வழிவிட்டாள்.

"க்கீச்."

குழிக்குள் விழுந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு இறங்கியது. ஒரு குருவி பலவாகி, கீழே போய், அடங்கியது.

பிறகு ஒன்றுமில்லை. பல்பு மட்டும் ஆடியது.

பிறகு, இரும்பின் மேல் இரும்பு:

டொக், டொக்.

சிட்டு சுவரை விட்டுக் கயிற்றருகே வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். 'அப்பா' என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது.

"ச்சே!"

அப்பாவின் குரல். வெறுத்துப்போன குரல்.

"என்னப்பா, யாருக்குத் தந்தி அடிக்கிற?" இன்னொரு குரல், கூட வேலை செய்பவருடையது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லயாம். மூணு வாரமா நீ ஆளே சரியில்ல. வீட்டுக்குப் போய்த் தொலைன்னு சூப்பர்வைசரே துரத்துறாரு, நீ ஓவர்டைம் கேட்டு வாங்கிட்டுத் திரியற. வீட்டுல என்ன, பேயா உக்காந்திருக்கு?"

ஸ்பானர் திருகும் ஓசை மட்டும் கேட்டது.

கேட்டு வாங்குகிறார். வேலை இருப்பதால் தாமதம் இல்லை; தாமதமாவதற்காக வேலை.

சிட்டு உதட்டை மூடிக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினாள்.

*

ஆலோசகரின் அறை சின்னது. ஜன்னலோரம் ஒரு வாடிய செடி, சுவரில் ஓடாத கடிகாரம். ஆலோசகருக்கு மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற வழக்கம் உண்டு. அம்மா ஏற்கெனவே வந்திருந்தாள். தொழிற்சாலைத் தொப்பியின் ரப்பர் தடம் நெற்றியில் இன்னும் மறையவில்லை.

சிட்டு உட்காரவில்லை. நின்றபடியே, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு இது போதும் மேடம். நான் இனிமே வரலை."

"என்னடி சொல்ற?" அம்மா எழுந்துவிட்டாள். "நல்லாத்தானே குறைஞ்சுட்டு வருது! மேடம், நல்லாத்தான் குறையுது. எதுக்கு இப்படிப் பேசறான்னு தெரியல."

"உக்காருங்கம்மா." ஆலோசகர் சிட்டுவைப் பார்த்தார். "நிறுத்தறது உன் இஷ்டம். நான் பிடிச்சு வைக்க மாட்டேன். ஏன்னு மட்டும் சொல்லு."

சிட்டுவுக்கு ஒலி வந்தது, தலை வெட்டியது, மறுபடியும் வந்தது. ஆலோசகர் முகம் மாறாமல் காத்திருந்தார்.

"குறைஞ்சா..." என்றாள். "குறைஞ்சா நான் வீட்டுல இருக்கறதே யாருக்கும் தெரியல. முன்னாடி சத்தம் வந்தா அப்பா தட்டுவாரு. இப்ப வந்தாலும் யாரும் திரும்பறதில்ல, வரலேன்னாலும் திரும்பறதில்ல. முழுசா குறைஞ்சுட்டா என்னைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இருக்காது. அதுக்கு இது இருந்துட்டே போகட்டும்."



ஆலோசகர் அம்மாவிடம் திரும்பினார். "வீட்டுல எப்படிப் போகுது? நீங்க சொல்லுங்க."

அம்மாவுக்குக் கேள்வியே பிடித்தது. கை கட்டி, ஷிப்டு முடிந்து விவரம் ஒப்பிக்கிறவள் போலச் சொன்னாள். "நீங்க சொன்னபடி சுத்தமா நடக்குது மேடம். ஒருத்தரும் திரும்பறதில்ல. என் பையன் காதுல மாட்டிக்கறான். நான் சமையலறையில இருந்தா முதுகைக் காட்டிட்டே நிப்பேன். இவ அப்பாதான் ஆரம்பத்துல தப்புப் பண்ணினாரு. நல்லா சொல்லி வச்சேன். இப்ப அவரும் பார்க்கறதில்ல."

சொல்லிக்கொண்டே வந்தவள், ஆலோசகரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா?"

"தப்பு என்னோடது. பாதியைத்தான் சொல்லி அனுப்பியிருக்கேன்." ஆலோசகர் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "டிக்கைக் கண்டுக்காதீங்கன்னு சொன்னேன். பொண்ணைக் கண்டுக்காதீங்கன்னு சொல்லலைம்மா."

அம்மா பிடிவாதக்காரி. உடனே விட்டுக்கொடுத்துவிட மாட்டாள். "நிமிஷத்துக்கு ஒண்ணு வருதே மேடம். சத்தத்தைப் பார்க்காம அவளை மட்டும் எப்படிப் பார்க்கறது? ரெண்டும் ஒரே மூஞ்சியிலதானே இருக்கு?"

ஆலோசகருக்குச் சிரிப்பு வந்தது. "நியாயமான கேள்விதான். பேசிட்டிருக்கும்போது வந்தா, பேச்சை நிறுத்தாதீங்க. பார்த்துட்டிருக்கும்போது வந்தா, கண்ணை எடுக்காதீங்க. வேற ஒண்ணுமில்ல. இப்பவே செஞ்சு பார்க்கலாமா? நாற்காலியை அவ பக்கம் திருப்பிப் போடுங்க. இன்னிக்கு வேலையில என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க."

நாற்காலி தரையில் கீச்சிட்டது. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்கால் இடித்தது.

"இன்னிக்கு..." அம்மா தொண்டையைச் செருமினாள். "இன்னிக்கு பெல்ட் நின்னுபோச்சு. மதியத்துக்கு மேல. எல்லாரும் கையைக் கட்டிட்டு நின்னோம். அந்தக் கடைசி மேசைக்காரி இல்ல, அவ நின்னுட்டே தூங்கிட்டா."

"க்கீச்."

அம்மாவின் கண் துடித்தது. ஓட இடம் தேடியது. பிறகு எப்படியோ அங்கேயே நின்றது.

"தூங்கினவ... தூங்கினவ, பெல்ட் ஓட ஆரம்பிச்சதும் முழிச்சு, மேனேஜரைப் பார்த்து 'வணக்கம் டீச்சர்'னா."

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கும்போது இன்னொரு ஒலியும் சேர்ந்து வந்தது. அம்மா கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமல் பார்த்ததில் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது. புருவத்தைச் சுருக்கினாள்.

"நெத்தி முடியை எப்ப வெட்டினே?"

"போன வாரம்."

"போன வாரமா?"

"நானே வெட்டினேன். ஒரு பக்கம் ஏறிப்போச்சு."

அம்மா கையை நீட்டினாள். கோணலாக வெட்டப்பட்ட முடியை நெற்றியில் ஒதுக்கிப் பார்த்தாள். ஒரு வாரமாகத் தன் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நடமாடிக்கொண்டிருந்த நெற்றி. காலிக் குழி ஒன்றைத் தவறவிட்டவளின் முகம் எப்படி இருக்கும் என்று சிட்டு முதல்முறையாகப் பார்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. டொக், டொக்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அப்பா வாசலில் நின்றார். கை இரண்டையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"உள்ள வரலாங்களா? கையெல்லாம் கிரீஸ். லிஃப்ட் ஓடுது இப்ப. ஏறிப் பார்த்தேன், இங்க வந்து நின்னுச்சு."

"அது தானா வந்து நின்னுச்சாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா உட்காரவில்லை. மகளைப் பார்க்காமல் ஆலோசகரிடம் பேசினார். வீட்டில் அடித்துப் போட்டாலும் இவ்வளவு பேசமாட்டார்.

"மேடம், இன்னிக்கும் தப்புப் பண்ணிட்டேன். மேல எங்கேயோ இவ சத்தம் கேட்டுச்சு. யோசிக்கறதுக்குள்ள கை தட்டிடுச்சு. வீட்டுல இருந்தா தினமும் இதே போராட்டம். பாக்கெட்டுல விட்டா பாக்கெட்டுக்குள்ளயே தட்டுது. என்னால இவளுக்குக் கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு. அதான் எல்லாரும் தூங்கின பிறகு போறேன். தூங்கும்போது இவளுக்குச் சத்தம் வராது."

சிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழிக்குள் கேட்ட அந்த 'ச்சே' அவள்மேல் வந்த வெறுப்பு இல்லை, தட்டிவிட்ட தன் கையின்மேல் அவருக்கு வந்தது என்று மெல்லப் புரிந்தது.

"தட்டறதுக்கு முன்னாடி கையில என்ன தோணுது?" என்று கேட்டார் ஆலோசகர்.

"எப்படிச் சொல்றது... ஒரு குறுகுறுப்பு. தட்டினாத்தான் அடங்கும்."

சிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "மேடம், இதையேதான் நான் ரெண்டாவது வாரம் சொன்னேன்!"

"உனக்கு வர்றது டிக். அவருக்கு வர்றது பாசம் பிடிச்ச பழக்கம். ரெண்டும் வேற." ஆலோசகரும் சிரித்தார். "ஆனா வைத்தியம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சொல்லிக்கொடு."

"கையை மூடுங்கப்பா. இப்படி. கட்டைவிரல் உள்ள. இறுக்க வேணாம். மூச்சை மெதுவா இழுங்க."

அப்பா கிரீஸ் கையை மூடிக்கொண்டு, கண்ணையும் சேர்த்து மூடி, மூச்சை இழுத்தார்.

"கண்ணை மூடச் சொல்லலப்பா."

அவர் கண்ணைத் திறந்தார். திறந்த கண் எதிரே நின்ற மகள்மேல் விழுந்தது. "முடியை யார் இப்படிக் கடிச்சது?" என்றார்.

*

அன்று முடிவானது இவ்வளவுதான். ஒலி வரும்போது அப்பா தட்டக் கூடாது. அவள் சும்மா இருக்கும்போது, படிக்கும்போது, அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது தட்டலாம். பெயரைப் பற்றி அம்மா இழுத்தாள். "சத்தத்துக்கு வச்ச பேராச்சே மேடம்?"

"சத்தம் போனாலும் பேரு என்னோடதுதான்" என்றாள் சிட்டு. யாரும் மறுக்கவில்லை.

பயிற்சியைத் தொடர்வதா என்பதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வருகிறேன், அதற்குமேல் பார்க்கலாம் என்றாள். ஆலோசகர் அதற்கும் சரி என்றார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஒலிக்குப் பயந்து போகாமல் விட்ட இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அடுத்த வாரத்துக்குள் போய்வர வேண்டும்.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு போன் வந்தது. வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஆட்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஓடும்போது திரும்பிப் பார்த்தார். அதற்கே சிட்டுவுக்குப் பாதி வயிறு நிறைந்தது.

மீதிப் பாதி வீட்டுக்கு வந்ததும் பசித்தது.

அண்ணன் இன்னும் வரவில்லை. அம்மா சமையலறைக்குள் போனாள். சிட்டு தன் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் சுவரில் ஏறி, மெல்ல வெளுத்தது. ஈ ஒருமுறை வந்தது. உதட்டை மூடி, மூச்சை இழுத்து, விட்டாள். பறந்துவிட்டது. வெற்றிதான். ஆனால் வெற்றிக்குப் பிறகும் அறை அப்படியேதான் இருந்தது.

அவளுக்கு ஒன்று அப்போதுதான் புரிந்தது. ஒலி இருந்தவரை அது அவள் கையில் இருந்த ஒரு கதவு மணி. அவளை அறியாமல் அடித்தாலும், அடித்தால் யாரோ வருவார்கள். இனி அவள் அடிக்க முடியாது. யாருக்காவது அவள் ஞாபகம் தானாக வர வேண்டும். வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு ஆலோசகரிடம் எந்தப் பயிற்சியும் கிடையாது.

அப்பா இப்போது எந்த இருட்டுக் குழிக்குள் இருப்பாரோ. வீடு திரும்ப நேரமாகும். நினைத்துக்கொள்ள அவருக்கு ஏது நேரம். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. காது கூர்ந்தாள். அது நிற்காமல் போயிற்று. சுவரில் வெயில் முழுக்கப் போய்விட்டது. விளக்கைப் போட எழ வேண்டும் என்று தோன்றியது. எழவில்லை.

டக். டக்... டக்.

சிட்டு நிமிர்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம். ஒலி எதுவும் வரவில்லையே. அவள் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. அப்பாவின் தட்டல் மாதிரியும் இல்லை. நடுவில் தடுமாறி, ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அம்மா சுவரோரம் நின்றிருந்தாள். கையில் கரண்டி. கடையில் திருடி மாட்டிக்கொண்டவள் போல அதைப் பின்னால் மறைத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. மூணு தட்டிட்டே. ரெண்டுதான்."

"தெரியும்." அம்மா கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். "ரெண்டு உங்கப்பாவோடது. இது என்னோடது."

சிட்டு கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. பேசினால் அழுகை வந்துவிடும் போலவும் இருந்தது. அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"எங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டியா, சிட்டு?"

மூன்று வாரம் கழித்து அம்மா வாயில் அந்தப் பெயர். கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

"நூலகம்" என்றாள். "வாசிப்பு அறை."

இருவருக்கும் அந்த அறை ஞாபகம் இருந்தது. நீளமான மேசைகள், புரளும் தாள்கள், குனிந்த தலைகள். போன வருடம் நூலகர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, சுவரில் இருந்த 'அமைதி' என்ற பலகையை விரலால் காட்டிவிட்டு, வாசல் வரை கூடவே நடந்து வந்தார். அன்றைக்குப் பாதியில் விட்ட புத்தகத்தில் கப்பல் இன்னும் கரை சேரவில்லை.

"அந்த ஆள் இன்னும் அங்கதான் இருக்காரு" என்றாள் அம்மா.

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஷிப்டு இல்ல." அம்மா சற்று யோசித்தாள். "அங்க தட்ட முடியாதே."

"தட்ட முடியாது" என்றாள் சிட்டு. "பக்கத்துல உக்காரலாம்."

தொண்டையில் ஈ வந்து உட்கார்ந்தது. உதட்டை மூடினாள். மூச்சை இழுத்தாள். இந்த முறை அது பறக்கவில்லை.

"க்கீச்."

அம்மா கண்ணை எடுக்கவில்லை.